ஐயம்பெருமாள் ஊர்த் தீபாவளி

நேட்டாலில், டர்பன் துறைமுகத்துக்கு வடக்கே ஒரு கரும்புத் தோட்டம். அந்தத் தோட்டத்துக் கூலி லயத்துக்குத் தீபாவளி வந்ததே ஐயம்பெருமாளால்தான். அதற்கு முன்னால் துரை விட்ட ஒரே பண்டிகை விடுமுறை மொகரம். ஐயம்பெருமாள் கப்பலேறி வந்த இரண்டாம் வருஷம், ஐப்பசி பிறந்ததும் துரையின் பங்களா வாசலில் போய் நின்றார். ஒரு நாள் விடுப்புக் கொடுத்தால் பதிலுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை கரும்பு வெட்டித் தருகிறோம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தார். யாரைக் கேட்டு அப்படிச் சொன்னாய் என்று லயத்தில் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அந்தத் தீபாவளியை ஒரு தரம் பார்த்த பிறகு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

லயத்தில் இருந்தவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் இல்லை. ஆற்காட்டுக்காரர்கள், சேலத்துக்காரர்கள், விசாகப்பட்டினத்துத் தெலுங்கர்கள், கல்கத்தாக் கப்பலில் வந்த இந்துஸ்தானிகள் என்று பல தினுசு. உங்கள் ஊரில் தீபாவளி எப்படி என்று கேட்டால் ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்கு ஒத்துவராது. பலருக்குச் சொல்லவே தெரியாது. ஐயம்பெருமாளுக்குத்தான் எல்லாம் வரிசையாகத் தெரிந்திருந்தது. விடியுமுன்னே வீட்டுக்கு மூத்தவர் கையால் உச்சியில் எண்ணெய் வைக்க வேண்டும்; லயத்தில் எல்லாருக்கும் அவரே வைத்துவிடுவார். புதுத் துணியின் மூலையில் மஞ்சள் தடவ வேண்டும். முந்திரிக்கொத்தும் சுசியமும் முதல் நாளே சுட்டுப் பானையில் மூடி வைத்துவிட வேண்டும். பிறகு எல்லாரும் ஆற்றுக்குப் போக வேண்டும். தோட்டத்தை ஒட்டி ஓடிய ஆற்றுக்கு அந்த நாட்டுச் சூலுக்கள் ஏதோ பேர் வைத்திருந்தார்கள். லயத்துக்காரர்களுக்கு அது தாமிரபரணி.

"எங்க ஊர்ப் படித்துறை பதினெட்டுப் படி," என்பார் ஐயம்பெருமாள், ஈரத் தலையோடு கரையில் உட்கார்ந்துகொண்டு. "ரெண்டு பக்கமும் மருதமரம் கவிஞ்சு கெடக்கும். பொம்பளைகதான் முதல்ல எறங்குவாக. மஞ்சத் தண்ணி படி படியா வழிஞ்சு ஓடும் பாத்துக்கோ. தெருவுல நடந்தா வீட்டுக்கு வீடு எண்ணெ மணக்கும்."

வருஷா வருஷம் கேட்டதில் சேலத்துக் கிழவர் தம் ஊரை மறந்துபோய், 'நம்ம படித்துறை' என்று பேச ஆரம்பித்துவிட்டார். தெலுங்குக்காரி அப்பாயம்மாள் தாலாட்டில் அந்த மருதமரத்தைச் சேர்த்துக்கொண்டாள். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கோ ஊர் என்றால் அந்த ஒரே ஊர்தான்.

அப்படிப் பிறந்தவள்தான் ஐயம்பெருமாளின் மகள் வடிவம்மாள். வடிவு என்று கூப்பிடுவார்கள். ஏழு வயதில் தாய் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கப்புறம் அவளை வளர்த்தது லயம். ஆற்காட்டுக்காரி பச்சையம்மாள் மடியில் வளர்ந்து, பதினேழு வயதில் அவள் மகன் வரதனையே கட்டிக்கொண்டாள்.

"அடுத்த தீவாளிக்கு ஊர்ல இருப்போம்" என்று ஐயம்பெருமாள் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷம் ஆலைச் சக்கரத்தில் சிக்கி இடது கையில் இரண்டு விரல் போயிற்று. இனி இந்த ஆள் வேண்டாம் என்றான் துரை. ஊருக்குப் போவதானால் கப்பல் கட்டணம் சர்க்காருடையது. ஐயம்பெருமாள் அப்போதும் தயங்கினார். "கை ஆறட்டும், பாப்போம்" என்றார். வடிவுதான் விடவில்லை.

"ஒத்தக் கையோட இங்கன என்ன செய்யப் போறிய? நான் கூட வாரேன். அவுக கூலிப் பத்திரம் முடிய ரெண்டு வருசம் இருக்கு. முடிச்சிட்டு அவுகளும் அத்தையும் வரட்டும். வாங்க, இந்தத் தீவாளிக்கு நம்ம ஊருக்குப் போவோம்."

புறப்படுகிற அன்று லயமே அவளைச் சுற்றி நின்றது. ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். அப்பாயம்மாள், செத்துப்போன தன் பிள்ளையின் கறுப்பு வளையலைக் கொடுத்தாள். இந்துஸ்தானிப் பெண் ராம்தேயி, இறந்துபோன புருஷனின் முடிக்கற்றை ஒன்று. சேலத்துக் கிழவர் தம் பெண்டாட்டியின் காலில் கிடந்த செப்பு மெட்டி. பச்சையம்மாள் ஒரு சிறிய துணிப்பொட்டலத்தை அவள் கையில் வைத்து அழுத்தினாள். உள்ளே அவள் புருஷனை எரித்த சாம்பலில் பொறுக்கிய எலும்புத் துண்டு ஒன்று இருந்தது.

"தீபாவளி அன்னிக்கு அந்தப் பதினெட்டாம் படியில நின்னு கரைச்சிடு கண்ணு. அவரு கடைசி வரைக்கும் அந்தப் படித்துறையத்தான் கேட்டுக்கினு கெடந்தாரு. எங்க ஊர்ல ஏதுடி ஆறு?"

எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் துணியில் முடிந்து வடிவு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கப்பலில் ஐயம்பெருமாளின் பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. சென்னையில் இறங்கியதும், "இங்கனயே துறைமுகத்துல ஏதாவது வேல கெடைக்கும்ட்டி, இருந்துக்கிருவோமா?" என்றார். வடிவு சிரித்தாள். அப்பாவுக்கு இத்தனை வருஷம் கழித்து உடன்பிறந்தவன் முகத்தில் முழிக்க வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள். தீபாவளிக்கு இன்னும் நாலே நாள் இருந்தது.

திருநெல்வேலியில் ரயிலை விட்டு இறங்கி, ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் ஒரு வண்டியில் வந்தார்கள். பிறகு நடை. ஆறு பாதிக்குமேல் செந்நீராகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அப்பா சொன்னதைவிட அகலம், அப்பா சொன்னதைவிட அழகு. மருதங்கரை என்ற அந்த ஊரின் கோபுரம் தெரிந்த இடத்தில் ஐயம்பெருமாள் நின்றார். காலில் கிடந்த டர்பன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார். கோட்டைக் கழற்றிச் சுருட்டி மூட்டைக்குள் வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"என்னய்யா, வேர்க்குதா?" என்றாள் வடிவு.

"நீயும் செருப்பக் கழத்து தாயி," என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தெருவுக்குள் அவர் போகவில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு வரப்பு வழியாக நடந்து, வயலுக்கு நடுவே மேட்டில் கிடந்த பத்திருபது குடிசைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு குடிசையின் முன்னால் அவரைப் போலவே முகவெட்டுள்ள ஒருத்தர் கலப்பைக்கு ஆப்பு செதுக்கிக்கொண்டிருந்தார். தம்பி மாசானம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு மாசானம் குரலெடுத்து அழுதார்.

சித்தி அவள் கன்னத்தைத் தடவிப் பேர் என்னவென்று கேட்டாள். வடிவம்மாள் என்றதும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, அது பெரிய வீட்டு ஆச்சி பேருல்லா! ஏன் மச்சான், ஒமக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஏட்டி, இங்கன அந்தப் பேர வாயில எடுத்திராத. யாரும் கேட்டா கறுப்பின்னு சொல்லு."

அன்றைக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எண்ணெய் மணக்கும் தெரு பண்ணையார் சங்கரசுப்பிரமணிய பிள்ளையின் தெரு. முந்திரிக்கொத்து அந்த வீட்டு அடுக்களையில் சுடுவது. மஞ்சள் தடவிய புதுத் துணி அந்த வீட்டுப் பிள்ளைகள் உடுத்துவது. இந்தக் குடிகள் அந்தப் பண்ணைக்கு உழுகிறவர்கள். தெருவில் கால் வைக்கக் கூடாது. குளிக்க, கீழே எருமைத் துறை இருக்கிறது. தீபாவளி அன்று மத்தியானம் பெரிய வீட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் சட்டியோடு போய் நின்றால், வீட்டுக்கு ஒரு பழந்துணியும் ஒரு கரண்டி எண்ணெயும் கொஞ்சம் அரிசியும் விழும்.

"அந்த எண்ணெயத் தேச்சுக் குளிக்கணும்லா. அதனால நமக்குத் தீவாளி மறுநாளு," என்றாள் சித்தி, மழை வருவதைச் சொல்வது போல.

வடிவு அப்பாவைத் தேடினாள். அவர் எருமைத் துறைப் பக்கம் போய்விட்டார். அன்றும் மறுநாளும் அவர் அவள் கையில் அகப்படவில்லை.

இடுப்பில் முடிச்சு இருந்தது. அதுதான் அவளை உறங்க விடவில்லை. அப்பாவின் சங்கதி அப்பாவோடு போகட்டும். அப்பாயம்மாளுக்கு என்ன பதில்? அத்தை அழுத்திக் கொடுத்தாளே, அதற்கு என்ன பதில்? எருமை புரளும் சேற்றில் மாமனார் எலும்பைப் போட அவளுக்குக் கை வரவில்லை. இறங்க வேண்டும், முடிச்சை அவிழ்க்க வேண்டும், விட வேண்டும், ஏற வேண்டும். வெற்றிலை மடித்துப் போடுகிற நேரம். முகம் தெரியாத ஊரில் யாருக்கு அவளைத் தெரியும்?

தீபாவளி அன்று இருட்டுப் பிரியும்போது எழுந்தாள். நேட்டாலிலிருந்து கொண்டுவந்த எண்ணெயைத் தானே உச்சியில் வைத்துக்கொண்டாள். டர்பனில் வரதன் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையை உடுத்தி, ஆற்றோரமாகவே நடந்து படித்துறைக்குப் போனாள்.

அவள் நினைத்ததுபோல் துறை ஆளில்லாமல் இல்லை. பத்துப் பதினைந்து பெண்கள் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். மருதமரம் இரண்டு பக்கமும் கவிந்து கிடந்தது. படிகளில் மஞ்சள் தண்ணீர் வழிந்தது. திரும்பிவிடலாம் என்று நின்றவளைக் கழுத்தளவு தண்ணீரில் நின்ற ஒரு கிழவி பார்த்துவிட்டாள். சேலையையும் அவள் நின்ற நிலையையும் பார்த்து, யார் வீட்டுக்கோ வந்த விருந்து என்று நினைத்துவிட்டாள்.

"வா தாயி, வா. எந்த ஊரு, கொழும்பா, ரங்கூனா?"

"நேட்டாலு," என்றாள் வடிவு.

"அடியாத்தீ, அது எங்கன கெடக்கு? எறங்கு, எறங்கு. கீழ்ப்படி பாசி பிடிச்சுக் கெடக்கு, பைய வா. ஏ பிள்ள, செத்த தள்ளி நில்லேன், அவ எறங்கட்டும்."

ஒரு சின்னப் பெண் தள்ளி நின்று இடம் விட்டாள். வடிவு இறங்கினாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, முழங்காலைத் தொட்டது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் அப்பா சொன்ன எல்லாமே மெய்யாக இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுந்தாள். இடுப்பிலிருந்த முடிச்சை எடுத்து அவிழ்த்தாள்.

"யாரு மகட்டி நீ?" என்று பக்கத்துப் படியிலிருந்து ஒரு குரல் கேட்டது. கேட்டவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். காதில் வைரத்தோடு, நெற்றி நிறையத் திருநீறு. மற்றவர்கள் அவளுக்கு இரண்டு படி விட்டு நின்றதிலேயே அவள் யார் என்று தெரிந்தது.

ஏதாவது ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவளுக்கு அந்தத் தெருவில் ஒரு பேரும் தெரியாது.

"ஐயம்பெருமாள் மக."

"எந்த ஐயம்பெருமாளு?"

துணி அடித்துக்கொண்டிருந்த வேலைக்காரி ஒருத்தி நிமிர்ந்து பார்த்து அலறினாள். "ஆச்சி! இது பண்ணையாளு மாசானத்துக்க அண்ணன் மவ! முந்தாநேத்து வந்து எறங்குனாகளே, அந்தக் கூட்டம்!"

தண்ணீரே கொதித்ததுபோல் எல்லாரும் கரையேறினார்கள். 'இறங்கு' என்று சொன்ன கிழவிதான் முதலில் வாயில் அடித்துக்கொண்டாள். பெரிய வீட்டு வடிவம்மாள் மட்டும் நகரவில்லை. அவள் கண் வடிவின் கையில் இருந்தது. மஞ்சள் துணியில் முடி, மெட்டி, வளையல், எலும்பு.

"ஏ, சூனியம் வைக்கல்லா வந்திருக்கா," என்றாள் அவள் மெதுவாக. "நல்ல நாளும் அதுவுமா எங்க துறையில எலும்பக் கொண்டாந்து போடுதாளே. தலையாரியக் கூப்பிடுங்க."

"சூனியம் இல்ல, ஆச்சி. செத்துப்போனவுக..." வடிவு துணியை அப்படியே தண்ணீரில் விட்டிருக்கலாம். முடிச்சை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தலையாரி வந்து கம்பால் அவள் கையில் தட்டினார். விழுந்த முடிச்சைக் கம்பு நுனியிலேயே தள்ளிக்கொண்டுபோய்க் கரை மணலில் வைத்து, வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினார். ராம்தேயி புருஷனின் முடி பொசுங்குகிற நாற்றம் துறை முழுக்க அடித்தது.

பண்ணையார் கோபப்பட்டுக் கத்துகிறவர் இல்லை. தொழுவத்துப் பக்கம் ஐயம்பெருமாளை வரவழைத்து நிறுத்தினார். பல் விளக்கிக்கொண்டே பேசினார்.

"நல்ல நாள்ல கை நீட்டுனா எனக்குத்தாம்லே பாவம். ஊரு பூரா மறுபடியும் குளிக்கணும். அதுக்கு முன்னால துறைய நீயே கழுவி விட்டுரு. ஒரு படி விடாம, சாணி கரைச்சு, கையால தேச்சுக் கழுவணும். அதுக்கு மேல ஐயரு வந்து தீர்த்தம் தெளிப்பாரு. கப்பல்ல போய்ட்டு வந்தவன்தானே, ஒடம்புல தெம்பு இருக்கும்."

"சரி சாமி," என்றார் ஐயம்பெருமாள்.

மூன்று விரல் கையாலும் முழுக் கையாலும் அவர் கழுவினார். ஊர் மேட்டில் நின்று பார்த்தது. குளிக்கக் காத்திருந்தவர்கள் சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். வடிவைத் தலையாரி மரத்தடியில் உட்காரவைத்து, அப்பன் கழுவுவதைப் பார்க்கச் சொன்னார். அவள் ஓடிப்போய் ஒரு படியாவது தானும் தேய்க்கிறேன் என்று எழுந்தபோது, இன்னொரு தரம் இவள் கால் அங்கே படக்கூடாது என்று உட்காரவைத்துவிட்டார்கள்.

மத்தியானம் குடிசைக்காரர்கள் எப்போதும்போல் தொழுவத்துக்குப் பின்னால் சட்டியோடு போய் நின்றார்கள். ஒரு நாழிகை கழித்து வேலைக்காரி வந்து, இந்த வருஷம் ஒன்றும் கிடையாது, போங்கள் என்றாள். வெறும் சட்டியோடு திரும்பி வந்தவர்கள் மாசானத்தின் குடிசை முன்னால் கூடிவிட்டார்கள். அண்ணனைக் கண்டு முந்தாநாள் அழுத மாசானம்தான் முதலில் பேசினார்.

"ஒங்க தீவாளியக் கொண்டாந்து எங்க தீவாளியக் கெடுத்திட்டிய. இருவது வருசமா ஒரு கடுதாசி உண்டா? இப்ப வந்து, எம்பிள்ளைகளுக்கு வருசத்துக்கு ஒருக்கா கெடைக்கிற எண்ணெயிலயும் மண்ணள்ளிப் போட்டாச்சு. இவ என்ன மகாராணியா? அந்தத் துறையிலதான் குளிப்பாளோ?"

"இவ கால் பட்டதுக்கு இன்னும் என்னென்ன வருமோ," என்றாள் ஒருத்தி. சித்தி பிள்ளைகளை வடிவு பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாள். பெரிய வீட்டுக்காரர்கள் சொன்னதைக்கூட வடிவால் தாங்க முடிந்தது. சித்தி பிள்ளையை இழுத்துக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

பொழுது சாயும்போது அப்பா எருமைத் துறையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு பக்கத்தில் போனாள். முழங்கால் இரண்டும் தோல் உரிந்திருந்தது. அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பதினெட்டு இல்லட்டி. இருபத்தொண்ணு. மூணு தண்ணிக்குள்ள கெடக்கு. அக்கரையில எரும மேய்க்கையில எண்ணுனது, அதனால தெரியல பாத்துக்கோ."

அந்தக் குரலில் ஏதோ கிடைத்துவிட்டது போல ஒரு சந்தோஷம் இருந்தது. வடிவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஏன்யா எங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னிய?"

"எது பொய்? மருதமரம் இல்லியா? மஞ்சத் தண்ணி ஓடலியா?"

"நாம இல்ல. நீங்க சொன்னதுல எங்கனயும் நாம இல்ல."

ஐயம்பெருமாள் உரிந்த முழங்காலில் ஆற்றுத் தண்ணீரை அள்ளி விட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "சென்னப் பட்டணத்துல, கப்பலுக்கு ஆள் சேக்குற டிப்போவுல எழுத்துக்காரன் என்ன சாதின்னு கேட்டான். பண்ணையார் சாதியச் சொன்னேன். அவன் எழுதிக்கிட்டான். அம்புட்டுத்தான், ஒண்ணும் ஆகல, வானம் இடிஞ்சு விழல. லயத்துல அத்தன பேரும் கேக்காக, ஒம்ம ஊர்ல தீவாளி எப்படின்னு. தொழுவத்துக்குப் பின்னால சட்டிய ஏந்திக்கிட்டு நின்னோம்னா சொல்லச் சொல்லுத? நான் பாத்ததச் சொன்னேன். பாத்ததெல்லாம் எனக்குன்னு சொன்னேன். அவுகளும் எடுத்துக்கிட்டாக."

"இப்ப அவுக குடுத்ததெல்லாம் கரிஞ்சு போச்சே."



தை மாதம் வடிவு தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். அங்கே பஞ்சாலையில் பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவையும் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றார். பண்ணையில் எருமை மேய்க்கச் சேர்த்துக்கொண்டார்கள். அதுவே போதும் என்றார். எந்த வாயால் ஊர் ஊர் என்று இருபது வருஷம் சொன்னாரோ, அந்த வாயால் மறுபடியும் ஊரை விட்டுப் போகிறேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தது ஒரு தரம் போதும்.

ஆலைக் குடியிருப்புக்குப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. பாளையங்கோட்டைக்காரர் தேவசிகாமணி அங்கே வாத்தியார். எழுதத் தெரியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கடிதம் எழுதிக் கொடுப்பார். வடிவு போய் வரதனுக்கு எழுதச் சொன்னாள். நடந்தது நடந்தபடி, ஒன்று விடாமல். எலும்பு கொளுத்தப்பட்ட இடத்தில் வாத்தியார் பேனாவை நிறுத்தினார்.

"அங்கே இந்தக் கடிதத்தை யாரம்மா வாசிப்பாக?"

"சேலத்துக்காரர் பேரன் படிச்சவன், சார்வாள். முத்தத்துல உக்காந்து எல்லாருக்கும் கேக்க வாசிப்பான்."

"அப்ப யோசிச்சுக்கோங்க. நல்லபடியாகக் கரைச்சிட்டேன்னு ஒரு வரி எழுதினா அவுக மனசு ஆறும். உங்களுக்கும் நல்லது."

"செத்த மனுசன் எலும்பு, சார்வாள். அது எங்க கெடக்குன்னு அத்தைக்குத் தெரியணும். எங்கய்யா பொய்ய நம்பித்தான் இம்புட்டும். நானும் ஒண்ணு சொல்ல மாட்டேன். எழுதுங்க."

அவர் எழுதினார். 'நீங்கள் இங்கே வர வேண்டாம், நான் திரும்பி வருவதற்கு அங்கே கூலி ஆபீசில் வழி கேளுங்கள்' என்று முடித்தாள்.

பதில் வரவில்லை. சித்திரை போயிற்று, ஆடி போயிற்று. ஐப்பசியில் தீபாவளி வந்தது. ஆலைப் பெண்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். அவள் வெறுந்தலையோடு போய்ப் பஞ்சு பிரித்தாள். தான் திரும்பிப் போக வரதன் ஆபீசில் வழி கேட்டு அலைந்துகொண்டிருக்கிறான், அதனால்தான் கடிதம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த தை மாதம்தான் தேவசிகாமணி வாத்தியார் ஆளனுப்பிக் கூப்பிட்டார். கடிதத்தை முதலில் தமக்குள் வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, சுகமாக இருக்காகளாம். மத்தது..."

"மத்ததையும் வாசிங்க, சார்வாள்."

அவர் வாசித்தார். வரதன் சொல்லச் சொல்ல சேலத்துக்காரர் பேரன் எழுதியது. உன் கடிதத்தை முற்றத்தில் வைத்து வாசித்தோம். அப்பாயம்மாளும் ராம்தேயியும் அழுதார்கள். என் தாயார் மூன்று நாள் சாப்பிடவில்லை. எலும்பைக் கொளுத்தியதற்காக அவள் அழவில்லை. யார் கை என்று தெரியாமல் அந்தக் கையில் கொடுத்தேனே என்று அழுகிறாள். இருபது வருஷமாக உன் தகப்பனார் கையால் உச்சியில் எண்ணெய் வைத்துக்கொண்டதை நினைத்தால் உடம்பு கூசுகிறது என்கிறாள். ஆற்காட்டுக் குடும்பங்கள் ஆறும் இப்போது தனிக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறோம். இந்தத் தீபாவளிக்கு நாங்கள் தனியாகச் செய்தோம். தெலுங்கர்கள் வேறு இடத்தில் செய்தார்கள். சேலத்துத் தாத்தா எதற்கும் வரவில்லை, உள்ளேயே படுத்திருந்தார். ஆற்றுக்கு ஒருவரும் போகவில்லை. விடுப்பு எடுத்துச் சண்டை போடுகிறீர்கள் என்று துரை அடுத்த வருஷம் விடுப்பு இல்லை என்றுவிட்டான். எனக்கு உன்மேல் கோபம் இல்லை. ஆனால் தாயார் உயிரோடு இருக்கும்வரை நான் ஒன்றும் செய்வதற்கில்லை. இனிமேல் கடிதம் போட வேண்டாம்.

வாத்தியார் கடிதத்தை மடித்து அவளிடம் நீட்டினார். பதில் எழுத வேண்டுமா என்று கேட்கவில்லை. அவள் அதை வாங்கி, எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்காட்டார் லயத்துக்கு வந்த கப்பலிலேதான் அப்பாயம்மாளும் வந்தாள். அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள். அப்பா ஒரே ஒரு பொய் சொல்லி அத்தனை பேரையும் ஒரு ஆற்றில் இறக்கியிருந்தார். அவள் ஒரே ஒரு நிசத்தை எழுதி எல்லாரையும் கரையேற்றிவிட்டாள். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. பண்ணையாரையும் தலையாரியையும் அந்த நேரத்தில் அவள் மனது மறந்தே போய்விட்டது.

அந்த மாதக் கடைசியில் மாசானம் உப்பு வாங்க வண்டியோடு தூத்துக்குடி வந்தவர், ஆலை வாசலில் அவளைத் தேடிப் பிடித்தார். ஒரு வருஷத்தில் கோபம் வடிந்திருந்தது.

"இந்தத் தீவாளிக்கு எண்ணெயும் துணியும் குடுத்தாக பிள்ள. அண்ணன் வரிசையில வந்து நின்னாரு. ஆனா பேச்சு மட்டும் நிக்கல. சாயங்காலமானா சேக்காளிகளச் சேத்து வச்சுக்கிட்டு நேட்டாலுக் கதைதான். அங்கன எல்லாச் சாதியும் ஒரே ஆத்துல ஒண்ணா எறங்கிக் குளிக்கும், ஒருத்தன் கையால ஒருத்தன் எண்ணெ வச்சுக்கிடுவான்னு சொல்லுதாரு. ஒரு பயலும் நம்ப மாட்டேங்கான். கெழவன் நல்லா அளக்கான்னு சிரிக்கானுவ." மாசானமும் சிரித்தார். "ஒங்கிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாரு. அங்கனருந்து கடுதாசி வந்துச்சா, இந்த வருசமும் தீவாளி நடந்துச்சான்னு."

கடிதம் அவள் மடியில்தான் இருந்தது. ஆலையில் சங்கு ஊதியது. பெண்கள் முந்திக்கொண்டு உள்ளே போனார்கள்.

"கடுதாசி ஒண்ணும் வரல சித்தப்பா," என்றாள் வடிவு. "வரலன்னு சொல்லுங்க."